ஒட்டாத உறை

பாப்பாரப்பட்டி
6.1.2025

அன்பு மாப்பிள்ளை சென்னப்பனுக்கு,

சவரி எழுதுகிறேன். சிறையில் குளிர் தாங்குகிறதா? உன் வீட்டில் சுகுணாவும் பிள்ளையும் நலம். உனக்குக் கம்பளி கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஒன்பது மாதமாக நீ லாரி ஏறாமல் எப்படித்தான் இருக்கிறாயோ.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஓசூர் தாண்டி ஒரு குடோனில் சீல் வைத்த கண்டெய்னர் எடுத்தேன். பில்லில் பஞ்சு என்று இருந்தது. காரிமங்கலத்தில் கியர்பாக்ஸ் போய்விட்டது. சாமான் வர மூன்று நாள். மூன்றாம் நாள் காலையில் மெக்கானிக் கோவிந்தன், "அண்ணா, உள்ள மழ பேயற மாதிரி இருக்குதுங்க" என்றான். கதவில் காதை வைத்தேன். தூறல் சத்தம்தான். பஞ்சு சத்தம் போடுமா?

ஓனருக்குப் போன் போட்டேன். "சீலத் தொட்டீன்னா சாவியக் குடுத்துட்டு வூட்டுக்குப் போ" என்றார். சீல் உடைந்த லோடு என்றால் திருட்டுப் பழியும் வரும், உனக்குத் தெரியாததா. அரை மணி நேரம் பழைய டயர்மேல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே உயிர் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. சீல் கம்பியை வெட்டிவிட்டேன்.

மாப்பிள்ளை, எப்படிச் சொல்வேன். உள்ளே பட்டுக்கூடு. அரசாங்க மார்க்கெட்டுக்குத் தெரியாமல் கடத்திய சரக்கு. நாள் தாண்டிப்போனதால் கூட்டைத் துளைத்துக்கொண்டு பூச்சிகள் வெளியே வந்துவிட்டன. தட்டு, தரை, கதவு, எங்கே பார்த்தாலும் வெள்ளை. பறக்கத் தெரியாமல் ஆயிரக்கணக்கில் இறக்கையை மட்டும் அடித்துக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் அந்தச் சத்தம் இன்னும் கூடியது. கோவிந்தன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். சட்டையில் ஏறியதைத் தட்டிவிட மனம் வரவில்லை. இருபது வருஷமாக லோடு அடிக்கிறேன். உடம்பு இப்படிச் சிலிர்த்தது இதுதான் முதல் தடவை.

சாவியை வாங்கிக்கொண்டார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சவரி


மத்தியச் சிறை, சேலம்
15.1.2025

அன்பு சவரிக்கு,

கம்பளி வந்தது. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் கிடைத்தது. உன் கடிதத்தை எப்போதும்போல எனக்கு முன்பே ஜெயிலர் ஐயா பிரித்துப் படித்துவிட்டார். கொடுக்கும்போது, "அந்தப் பூச்சியெல்லாம் என்னாச்சாம், கேட்டு எழுதுப்பா" என்றார். இங்கே எல்லாருக்கும் இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

வேலை போனதற்கு வருந்தாதே. உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லையே. உன் மாமியாருக்கு முடியவில்லை என்று நீ சாவியைக் கொடுத்தாய், மளிகை என்று பில் சொன்னது, நம்பி ஏறினேன். உள்ளே அத்தனையும் கஞ்சா. தெரியாது என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? வக்கீல் சாட்சி கேட்கிறார். சாட்சிக்கு எங்கே போவேன்? அன்றைக்கு நீ ஏறியிருந்தால் வாடையிலேயே கண்டுபிடித்திருப்பாய்.

பூச்சிகளைப் பற்றி மறக்காமல் எழுது.

என்றும் உன் சென்னப்பன்


பாப்பாரப்பட்டி
20.1.2025

சென்னப்பா,

வாடையிலேயே கண்டுபிடித்துவிட்டேன். லோடு ஏற்றும்போதே கதவிடுக்கில் அடித்தது. மாமியாருக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு அவர் களை வெட்டிக்கொண்டிருந்தார். லோடு வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லப் பயந்துகொண்டு உன்னிடம் சாவியைக் கொடுத்தேன். நீ பிடிபட்ட பிறகு, என்னையும் பிடித்து உள்ளே வைப்பார்கள் என்று பயம். ஒன்பது மாதமாக உன் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லி, சுகுணா கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன்.

ஐயா கேட்டதற்குப் பதில். பூச்சிகளைப் பக்கத்து மல்பெரித் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டோம். அதற்குத் தின்னவும் குடிக்கவும் வாய் கிடையாதாம். நாலைந்து நாள்தான் ஆயுசாம். அதற்குள் முட்டை வைத்துவிட வேண்டுமாம். பஞ்சு என்று எழுதிய பில்லைக் கண்டெய்னருக்குள்ளே மறந்து வைத்துவிட்டேன். மறுநாள் பார்த்தால் அதன் மேலேயும் கடுகு கடுகாக முட்டை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரோ பெற்ற பூச்சிக்குச் சீலை உடைத்தேன், உனக்கு உடைக்கவில்லை. அன்று இரவிலிருந்து தூக்கமில்லை.

நாளைக்கு உன் வக்கீலிடம் போகிறேன். கோர்ட்டிலும் சொல்வேன். சுகுணாவிடம் இன்று காலை சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள். நீயும் பதில் போட வேண்டாம்.

இதையும் ஐயாதான் முதலில் படிப்பார். அவர் பிரிக்க வேண்டியதில்லை. உறையை நான் ஒட்டவில்லை.

சவரி