வெயில் நாளில் கழித்த இரண்டு கிலோ

தங்கச்சி,

போன வாரம் பரணிலிருந்து உன் சாக்கை இறக்கினேன். மழைச் சாரல் பட்டு நனைந்திருந்தது. நனைந்த சணல் வாடை வந்ததும் என்னால் நிற்க முடியவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம். உன் உடுப்புகளை எடுத்து மடித்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

சாக்கை இறக்கியதற்குக் காரணம் இருக்கிறது. மேலே இருக்கும் பழைய துரை பங்களாவை ஹோட்டலாக்கிய முதலாளி நம் லயத்து வீட்டுக்கு வந்திருந்தார். உன் சாக்கையும் தராசையும் விலைக்குக் கேட்டார். வெள்ளைக்காரர்கள் வந்து தேத்தண்ணி குடிக்கும் கூடத்தில் மாட்டப் போகிறாராம்.

சாக்கைத் தராசில் மாட்டிக் காட்சிக்கு வைக்கப் போகிறேன் என்று நீ முதன்முதலில் சொன்னபோது நான் சிரித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஹட்டனில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய வட்டத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தாய். என் தேயிலைக் கொழுந்துச் சாக்கைக் கேட்டாய்.

"இதுக்கா நாலு வருசம் கொழும்புல படம் வரையப் படிச்சே? சாக்கத் தொங்கவிடுறதுக்கு?" என்றேன்.

"அக்கா, நீங்க என்னிக்காவது தராசு முள்ளு முன்னாடி ஒரு நாள் முழுக்க நின்னு பாத்திருக்கீங்களா?"

"நிக்க விட்டாத்தானேடி. மாட்டுன கையோட கழட்டச் சொல்லிருவாங்க."

"அதான், நின்னு பாக்குறதுக்கு ஒரு எடம் செய்றேன்."

எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. கொழும்பில் அந்தக் கண்காட்சிக்கு நீ கூட்டிப் போன பிறகுதான் விளங்கியது. வெள்ளைச் சுவர், கண்ணாடி மாதிரி தரை. நடுவில் உன் தராசு, அதில் என் சாக்கு. காலையில் தண்ணீரில் முக்கி மாட்டியிருந்தாய். முள் மூன்று கிலோவைத் தாண்டி நின்றது. சாயங்காலம் காய்ந்ததும் ஒரு கிலோவுக்குக் கீழே இறங்கிவிடும் என்றாய். பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தாய். "காலையில் கழிப்பது: மூன்று கிலோ. மாலையில் கழிப்பது: மூன்று கிலோ." அவ்வளவுதான் எழுதியிருந்தாய்.

நம் மடுவத்துக் கொட்டகையில் நடப்பது அதுதானே. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு ஒரு கிலோ, தண்ணீருக்கு இரண்டு கிலோ என்று கழிப்பார்கள். மழை நாளில் கழித்தால் சரி என்று சொல்லலாம். தொண்டை காய்கிற வெயிலிலும் அதே இரண்டு கிலோ போகும். அந்த இரண்டு கிலோ குறைவதால்தான் சில நாள் அன்றைக்குப் பறிக்க வேண்டிய கணக்கு எட்டாமல் முழுப் பேர் போய் அரைப் பேர் விழும், பாதி நாள் சம்பளம்தான். கணக்கப்பிள்ளையிடம் கேட்டால், "வழக்கம் அப்படித்தான்" என்பார்.

அந்தக் கூடத்தில் நான் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சம்தான். தராசில் ஈரச் சாக்கு தொங்குவதைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. மடுவத்தில் நிறுக்கப் போகும் முன் நாங்கள் எல்லோரும் சாக்கின் அடியைப் பிழிந்துவிட்டுத்தானே மாட்டுவோம்? அதே மாதிரி போய் இறுக்கிப் பிழிந்துவிட்டேன். தண்ணீர் அந்தப் பளபளத் தரையெல்லாம் ஓடியது. முள் சடாரென்று இறங்கியது.

"ஐயோ, அதைத் தொடக் கூடாது!" என்று அந்த இடத்துக்குப் பொறுப்பான அம்மா ஓடி வந்தார். நான் ஈரக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "விடுங்க மிஸ். இத்தன நாளா இதுல ஒண்ணு கொறையா இருந்திச்சி, இப்பதான் சரியாச்சி" என்றாய். மறுநாள் தாளில் இன்னொரு வரி சேர்த்தாய்: "யாரும் பிழியலாம்." கோட்டுப் போட்ட மனுசர்கள் கை நனையாமல் ஒரு விரலால் பிழிந்ததை நீ எனக்கு நடித்துக் காட்டினாய்.

அதைத்தான் இந்த முதலாளி வாங்க வந்தார். நல்ல விலை சொன்னார், பொய் சொல்ல மாட்டேன். கூரைத் தகரம் முழுவதையும் மாற்றலாம். உன் மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி இருந்தப்போ யாரும் கேக்கலியே ஐயா?" என்றேன்.

"இப்ப அவங்க இல்லதானே அம்மா. இனி இப்படி ஒண்ணு வராது. அதான் மதிப்புக் கூடியிருக்கு."

உன் மார்பில் கட்டி வந்து மருந்துக்கு நாம் அலைந்தபோது இந்தச் சாக்குக்கு மதிப்பு இல்லை. நீ செத்ததும் வந்துவிட்டது.

"தெனமும் காலையில தண்ணியில முக்கி மாட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, பலகைத் தரை, வர்றவங்க வழுக்கி விழுந்துருவாங்க. சாக்குக்கு வார்னிஷ் அடிச்சு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறோம். அழகா இருக்கும்."

"பிழிய விடுவீங்களா?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அப்ப தர முடியாதுங்க ஐயா. வார்னிஷ் அடிக்க வெறுஞ்சாக்கு வேணும்னா டவுன்ல கெடைக்கும்" என்றேன்.

அவர் போன பிறகு உன் மச்சான், "கூர ஒழுகுதே புள்ள" என்றார். "ஒழுகட்டும், சட்டி வைக்கிறேன்" என்றேன். ஆனாலும் நேற்று காலையில் அவர்தான் தராசைத் தோளில் தூக்கி வந்து மடுவத்து விட்டத்தில் கட்டிக் கொடுத்தார்.

ஆமாம், மடுவத்தில்தான். பனி விலகி நல்ல வெயில். பகல் நிறுவைக்கு வந்ததும் என் காய்ந்த சாக்கைக் காலி செய்து உன் தராசில் மாட்டினேன். முள் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை.

கணக்கப்பிள்ளை எழுந்து வந்தார். "என்னா, ஒந் தங்கச்சி கொழும்புல காட்டுன கூத்த இங்கயும் காட்டுறியா?"

"கொழும்புல பாத்துட்டுப் போயிட்டாங்க ஐயா. இங்க நீங்க பதில் சொல்லணும். சாக்குக்கு ஒரு கிலோ எடுத்துக்கிடுங்க. தண்ணிக்கு ரெண்டு கிலோன்னா, தண்ணியக் காட்டுங்க. நானே பிழியிறேன்."

"வரிசைய மறிக்காத. பின்னால ஆள் நிக்குது."

பின்னால் நின்றவள் பக்கத்து லயத்து லெச்சுமி, அந்த வாயாடிதான். "நாங்க நிக்கிறோம் ஐயா, அவசரமில்ல. எஞ்சாக்கையும் மாட்டு அக்கா, அதுல எம்புட்டுத் தண்ணி இருக்குன்னு நானும் பாக்கணும்" என்றாள். அதற்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் ஒருத்தி. எல்லாச் சாக்கும் காய்ந்த சாக்கு. கணக்கப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், அன்றைக்கு வரிசை முழுவதுக்கும் ஒரு கிலோதான் கழித்தார்.

ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். இன்று பொழுது சாய தோட்டத்து ஆபீசிலிருந்து துண்டுச் சீட்டு வந்தது. தோட்டத்துத் தராசு இருக்க வேறு தராசு கொண்டு வந்தது குற்றமாம், நாளை எட்டு மணிக்கு விசாரணைக்கு வர வேண்டுமாம். வேலையை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். லெச்சுமியும் மற்றவர்களும் கூட வருகிறோம் என்கிறார்கள். வந்தால் சந்தோசம். வராவிட்டாலும் நான் போவேன்.

விசாரிக்கும் தோட்டத் துரை முதலில் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். யார் சொல்லிக் கொடுத்தது என்பார். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் தானாகத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. செத்துப் போன தங்கச்சி செய்தது என்று சொன்னால் ஒருவேளை பாவம் பார்த்து விட்டுவிடுவார்கள். உன் மச்சான்கூட அப்படிச் சொல்லிப் பார் என்றார்.

சொல்ல மாட்டேன், தங்கச்சி. உன்னை முன்னால் நிறுத்தி நான் ஒளிய மாட்டேன். நீ தொடங்கியதுதான். ஆனால் நேற்று அந்தச் சாக்கை மாட்டியது இந்தக் கை. கேட்டால் அதைத்தான் சொல்வேன். நான்தான் மாட்டினேன். வெயில் அடிக்கும் நாளெல்லாம் மாட்டுவேன்.