கழுத்து வரை வெளிச்சம்

மார்ச் 3

பதினோரு வருஷமாக அடுத்தவர் போட்ட திட்டத்துக்குப் பொத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். இன்று இயக்குநர் கூப்பிட்டு, புது நாடகத்துக்கு ஒளியமைப்பே நீதான் என்றார். பதினெட்டாம் தேதி முழு ஒத்திகை. அதில் சொதப்பினால் பழைய ஒளியமைப்பாளரைக் கூப்பிட்டுவிடுவாராம்.

அக்காவிடம் சொன்னேன். சுவிட்ச் போடுவதற்கா இவ்வளவு அலட்டல் என்கிறாள். பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் 11

நாற்பத்திரண்டு விளக்குகளும் மாட்டியாகிவிட்டது. நடிகர்கள் வேறு அறையில் ஒத்திகையில் இருந்ததால், ஒவ்வொரு இடத்திலும் நானே போய் நின்றேன். பின்சுவரில் வெளிச்சம் சிதறாமல், என் தலைக்குச் சற்று மேலே முடியும்படி சரியாக வெட்டச் சொன்னேன். ஏணியில் நின்ற எலக்ட்ரீஷியன் பொறுமைசாலி. எல்லாம் கச்சிதம்.

மார்ச் 18

மானமே போச்சு.

அப்பா வேடக்காரர் வந்து நின்றார். கழுத்து வரைதான் வெளிச்சம். தலை இருட்டில். அவர் ஆறடிக்கு மேல், நான் ஐந்தடிகூட இல்லை. அக்கா என்னைக் குள்ளக் கத்திரிக்காய் என்று கூப்பிடுவதாவது ஞாபகம் வந்திருக்கக் கூடாதா? குழுவே சிரித்தது. இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்குப் பழைய ஆளையே வரச் சொல்லிடுறேன்மா."

ஆனால் ஒன்று. கடைசிக் காட்சியில் அப்பா முதல்முறையாக மகன் முன்னால் உட்காருகிறார் — அப்போது முகம் தானாக வெளிச்சத்துக்குள் இறங்கியது. நான் பார்த்தேன். வேறு யாராவது பார்த்தார்களா?

மார்ச் 19

காலையிலேயே இயக்குநர் முன்னால் போய் நின்றேன். "சார், தப்பு என்னுதுதான். ஆனா அந்தப் பையன் பயத்துல அப்பாவ நிமிர்ந்தே பார்த்ததில்ல. அவர் உக்கார்ற வரைக்கும் நமக்கும் முகம் தெரிய வேண்டாமே?"

இயக்குநர், பக்கத்தில் இருந்த அப்பா வேடக்காரரைப் பார்த்தார். அவர் முகம் சுண்டிவிட்டது. ஒன்றரை மணி நேரம் தலையில்லாமல் நடிக்க வேண்டுமா என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "அப்போ எல்லாரும் என் முகத்துக்காகக் காத்திருப்பாங்க, இல்ல?" சம்மதம்.

பழைய ஒளியமைப்பாளர் வந்து அந்தக் காட்சியை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். இங்கே தனக்கு வேலை இல்லை என்று சொல்லிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போகும்போது என் தோளில் தட்டினார். அழுதுவிட்டேன்.

மார்ச் 20

மற்ற எல்லோருக்கும் விளக்கைத் திருத்தினேன். அவரவரையே நிற்க வைத்து!

மார்ச் 27

அரங்கேற்றம். அப்பா வேடக்காரர் உட்கார்ந்தார். அரங்கு முழுக்க மூச்சை இழுத்துவிட்ட சத்தம் விளக்குகளை இயக்கும் என் அறை வரை கேட்டது. கைதட்டல் ஓயவில்லை. இயக்குநர் என்னைத் தரதரவென்று மேடைக்கு இழுத்துப் போய் நிறுத்தினார். இதை நான் செய்தேன். நானேதான்.

கண்ணெல்லாம் சிவந்து வந்தாள் அக்கா. "நல்லாத்தான்டி சுவிட்ச் போட்டிருக்க."

ஜூன் 9

இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த நாடகம் எழுதி முடித்துவிட்டாராம். யார் நடிக்கிறார்கள் என்று கேட்டேன்.

"இன்னும் முடிவு பண்ணலம்மா. உனக்கு எவ்வளவு உயரத்துல ஆள் வேணும்?"