மணலில் விழுந்த சந்தோசம்

ஆடி 8, புதன்
சோளகக் காற்று கொஞ்சம் தணிவு. காலையில் தூண்டில் முள் துருத் தேய்த்தது. என்னுடையது பள்ளிக்குப் போன கையல்ல, கோணல் எழுத்து. எனக்கு விளங்கினால் போதும்.

மருமகன் வரதன் போனும் கையுமாக வந்தான். வெளிநாட்டாரை மீன்பிடிக்க ஏற்றுகிற படகு அவனுடையது. இரை குத்துவதும் நங்கூரம் போடுவதும் நான்.

"மாமா, நாளைக்குக் கனடாக்காரர். நெல்லியடி ஆக்கள். தேப்பனும் மகனும்."

"பேர்?"

"சிற்றம்பலம். முந்திப் புடவைக்கடை வைச்சிருந்தவையாம்."

முள் விரலில் ஏறியது. துடைத்துவிட்டு அடுத்த முள்.

மறப்பேனா? என் மீசை கறுப்பாக இருந்த காலம். இந்தச் சிற்றம்பலம் கூட்டாளிகளோடு எங்கள் வள்ளத்தை வாடகைக்குப் பிடித்து வந்தான். வெள்ளைச் சேட்டு. நல்ல பாரைமீன் பட்டது. வாடகை தந்தான். பிறகு சந்தோசம். வாடகைக்கு மேலே விரும்பித் தருவது. படகில் வைத்துத் தருவதில்லை. கரையில் கால் வைத்த பிறகு, கையில் வைத்து, முகம் பார்த்து. அதுதான் எங்கடை கரை முறை. அவன் காசை மணலில் எறிந்தான்.

"பொறுக்கடா."

கூட்டாளிகள் சிரிப்பு. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். பொறுக்கினேன்.

நாளைக்கு அவன் குனிய வேண்டும்.

ஆடி 9, வியாழன்
கடல் அமைதி. சிற்றம்பலம் வழுக்கை. முழங்காலில் பட்டி. படகு ஓரத்தைப் பிடித்தபடி இரண்டு தரம் சத்தி எடுத்தான். நல்லாய் எடு, என்று மனதுக்குள் நான்.

என்னைத் தெரியவில்லை. முகத்தை நேரே காட்டினேன். அப்போதும் இல்லை.

"இந்த வயசிலையும் என்ன தெம்பு அண்ணை உங்களுக்கு!"

அண்ணையாம்.

திரும்பும்போது சிற்றம்பலத்தின் மகன், வரதனிடம் மெல்ல: "அங்கிள், டிப்ஸ் ஆருக்குக் குடுக்கிறது? ஓனருக்கும் குடுக்கவேணுமோ?"

"எனக்கு வேண்டாம் தம்பி. மாமாவுக்குக் குடுங்கோ. கரையிலை இறங்கிக் கையிலை குடுங்கோ."

"விடு, நான் குடுக்கிறன்," என்றான் தகப்பன்.

கரை. மடித்த காசுத் தாளை நீட்டினான். வாங்கினேன். விரலை விரித்தேன். தாள் மணலில். "பொறுக்கடா" தொண்டை வரை வந்துவிட்டது.

"ஐயோ, காத்து!" என்று அவனே குனிந்துவிட்டான். முழங்கால் நெறுநெறுத்தது. விழாமல் என் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டான். எடுத்து, மண் ஊதி, என் கையில் வைத்து, விரல்களையும் மூடினான்.

"இறுக்கிப் பிடியுங்கோ அண்ணை, பறந்திடும்."

மகன் சிரிப்பு. வரதனும் சிரிப்பு. அதே கரையில் திரும்பவும் என்னைப் பார்த்துச் சிரிப்பு.

ஆடி 10, வெள்ளி
கடலுக்குப் போகவில்லை. மரக்கறி. கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூட.

குனிந்தான், கண்ணால் கண்டேன். நெஞ்சு ஆறவில்லை. எதற்குக் குனிந்தான் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா?

தாள் சீனிப் பேணிக்குக் கீழே. தொடவில்லை.

பின்னேரம் வரதன்: "மாமா, அந்த ஐயா ஞாயிற்றுக்கிழமையும் வாறாராம். உங்களைத்தான் கேக்கிறார். நல்ல மனுசன், என்ன?"

"ஓம், வாறன் எண்டு சொல்லு."

தாளை எடுத்துச் சேட்டுப் பையில் வைத்தாயிற்று. ஞாயிறு முதலில் அவனுக்கு என் பெயர் சொல்ல வேண்டும். பிறகு என் தகப்பன் பெயர், வள்ளம், பாரைமீன், வெள்ளைச் சேட்டு, எல்லாம். அவன் முகம் மாறின பிறகுதான் தாள் மணலுக்கு.

காற்றுப் படாத இடமாகப் பார்த்து நிற்க வேண்டும்.