தூவா வரைந்த சிவப்பு மீன்

அன்பும் அதிகாரமும் மிக்க இங்கெபோர் அக்காவுக்கு,

வடகடலின் ஏகச் சக்கரவர்த்தியான உன் தம்பி நலம். மூக்கு மட்டும் உறைந்துவிட்டது. உன் முழங்கால் எப்படி?

கணவன் இறந்தபின் இரண்டு வருடமாகத் தூரிகை தொடாத உன் மகள் தூவா, நேற்று முக்குளிப்பு உடை மாட்டிக்கொண்டு என் படகிலிருந்து கடலில் குதித்தாள். திமிங்கலமே கம்பளி கேட்கும் குளிர்.

மேலே வந்ததும், "மாமா, ஒரு சிவப்பு மீன் முட்டைக்குக் காவல் நிக்குது. எவ்வளவு அலை அடிச்சும் வயித்தால ஒட்டிப் புடிச்ச பாறைய விடல" என்றாள். அங்கேயே நீர்வண்ணம் தீட்ட உட்கார்ந்தாள். வண்ணத் தண்ணீர் உறையாமலிருக்க என் சாராயத்தைக் கேட்டாள்.

"ஒரு மூடி போதுமாடி?"

"கஞ்சத்தனம் பண்ணாதீங்க, முழுசா ஊத்துங்க."

ஊற்றினேன், அக்கா. தாள் முழுக்க நீலக் குளிர். நடுவில் அந்தச் சிவப்பு. நான் அதில் கை நீட்டிக் குளிர்காய்ந்தேன்.

தபால் படகு ஊதுகிறது. எனக்குக் காலுறை அனுப்பு. அவளுக்குத் தாள் அனுப்பு, நிறைய.

தம்பி ஆஸ்பியோர்ன்