முள்ளில்லாத கத்தரி

மார்ச் 3

இரண்டரைக்கு வீடு திரும்பினேன். காலையில் மூடி வைத்துவிட்டுப் போன தட்டு அப்படியே இருந்தது. அவர் கட்டில் விளிம்பில், ஐந்தரைக்கு நான் விட்டுவிட்டுப் போன அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். "சாப்பிடலையா?" என்றேன். "மணி என்ன?" என்றார். சொன்னேன். "இன்னும் அவ்வளவு இருக்கா" என்றார். இன்றைய பகலைத்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கண் மருத்துவர் சொல்லி இன்றோடு ஆறு வாரம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டதாம். இருபத்தெட்டு வருடம் கார்களுக்கு ஒயரிங் பார்த்த மனிதர். சிவப்பு எது, கறுப்பு எது என்று கேட்டு இனி யாரும் வாசலில் வந்து நிற்கப்போவதில்லை.

தூக்க மாத்திரை அட்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். தபால்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே நடுநடுவே பைக்குள் கைவிட்டு, இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன்.

மார்ச் 4

பல்பைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியுது என்று போன வருடமே சொன்னார். "கண்ணாடியத் துடைச்சுப் போடுங்க" என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரும் இல்லை.

மார்ச் 6

மகள் விடுதியிலிருந்து பேசினாள். கடைசி வருடப் பரீட்சை நெருங்குகிறது. "அப்பாவுக்குத் தோட்டம்னா உயிராச்சே. அதுல ஏதாவது போடேன்மா. வெளியில வந்து உக்காரவாவது செய்வாரு" என்றாள்.

பின்பக்கத்து இடம் இருபதடிக்குப் பன்னிரண்டடி. போன வருடத்துக் குச்சிகள் காய்ந்து நிற்கின்றன. அங்கே என்ன போடுவது, எந்த ரகம், எந்த மூலையில், எல்லாம் அவர் முடிவுதான். பறித்துச் சமைப்பதோடு என் வேலை சரி.

அவரிடம் சொன்னேன். "கண் கெட்டப்புறம் சூரிய நமஸ்காரமா?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் சிரிக்கட்டும் என்று சொன்னாரா? தெரியவில்லை. சிரிக்கவில்லை.

மார்ச் 8

வேலை முடிந்து நேராக நாற்றுக்கடைக்குப் போனேன். "தக்காளி" என்றேன். "எந்தத் தக்காளி?" என்றாள் கடைக்கார அம்மாள். ரகமெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பிறகு எப்படியோ கேட்டுவிட்டேன். "பழுத்திடுச்சான்னு தொட்டே தெரியணும். அந்த மாதிரி எது இருக்கு?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். எரு மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அந்த மனுஷனா? ஒரு நாத்த இருபது தடவ திருப்பித் திருப்பிப் பாத்துட்டு வேணாம்னு வச்சுட்டுப் போவாரே!"

பிறகு அரைமணி நேரம் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தோம். பெரிய தக்காளி வேண்டாம். அடியில் பழுத்தாலும் காம்போரம் கல் மாதிரி இருக்கும், கையை ஏமாற்றும். குலையாகக் காய்க்கிற சின்ன ரகம் போடலாம். பழுத்தது, தொட்டவுடன் காம்பை விட்டுக் கையோடு வந்துவிடுமாம். பீன்ஸில் கொடி ரகத்துக்கு அண்ணாந்து தேட வேண்டும். ஆகவே குத்துச்செடி. பீர்க்குக்கு வரிவரியாக மேடு இருக்கிறது, விரலுக்குத் தெரியும். வெண்டையில் சுணை. மிளகாய் வேண்டவே வேண்டாம், மறந்து கையைக் கண்ணில் வைத்துவிட்டால்? "பார்வதான் போச்சு, எரிச்சல் போகலையே" என்றாள். உண்மைதான்.

கத்தரியில் அவர் வருடா வருடம் போடுவது முள் கத்தரி. இலையில் முள், காம்பில் முள். நான் முள்ளில்லாத நீள ரகத்தை எடுத்தேன். "ருசி கொஞ்சம் மட்டு" என்றாள். ருசியா இப்போது முக்கியம்?

மார்ச் 9

தனியாகக் கொத்தி, தனியாக நட்டேன். இடுப்பு ஒடிந்துவிட்டது. உள்ளேயிருந்து அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மார்ச் 15

பீன்ஸ் முளைத்துவிட்டது. சொன்னேன். "ம்" என்றார்.

மார்ச் 19

எல்லாம் போச்சு.

வீட்டுக்கு வந்தபோது பின்கதவு திறந்து கிடந்தது. ஓடினேன். அவர் மண்ணில் மண்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு குவியல். பீன்ஸ், தக்காளி, கத்தரி எல்லாம் வேரோடு. ஒன்று மிச்சமில்லை.

கத்தினேன். பக்கத்துவீட்டு ஜன்னல் திறக்கிற அளவுக்குக் கத்தினேன். "பிடுங்கிப் போட்டுட்டீங்களா? ஏன், ஏன் இப்படிப் பண்றீங்க? நான் என்ன இரும்பா? சாகணும்னா சொல்லுங்க, ரெண்டு பேருமே..."

அதை முழுசாகச் சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். கடவுளே.

அவர் கையைத் தட்டிக்கொண்டு மெதுவாக எழுந்தார். "களைன்னு நெனச்சேன்" என்றார். "நீ ஒருத்தியே கஷ்டப்படறியேன்னு... களையாவது எடுப்போம்னு வந்தேன்."

முதல் தடவையாகத் தானாக வெளியே வந்திருக்கிறார். பாவி நான். வரிசை எங்கே ஓடுகிறது, எதை எங்கே வைத்தேன், ஒரு வார்த்தை அவரிடம் சொல்லியிருக்கிறேனா? எல்லாவற்றையும் நானே நட்டுவிட்டு, முளைத்தது என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 20

தண்ணீர் மட்டும் குடித்தார்.

மார்ச் 21

சாப்பிடவில்லை. பேசவில்லை. நான் வேலைக்குப் போகவில்லை.

மத்தியானம் திடீரென்று கேட்டார். "அந்த மாத்திரை அட்ட எங்க?"

"தீந்துபோச்சு. நாளைக்கு வாங்கறேன்."

"பொய் சொல்லாத. உன் பையில இருக்கு. நீ உள்ள வரும்போதே சலசலன்னு சத்தம் கேக்குது. ஒரு மாசமாக் கேக்குது."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் கையை நீட்டினார். அட்டைக்காகவா, என்னைத் தேடியா? நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. இருட்டும்வரை அப்படியே இருந்தோம். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

மார்ச் 22

மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கண்ணுக்கு இல்லை, மனதுக்கு. வரமாட்டேன் என்று ஒரு மணி நேரம் முரண்டு பிடித்தார். மருத்துவர் சின்ன வயசுப் பெண். அவரோடு தனியாக முக்கால் மணி நேரம் பேசினாள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. தூக்க மாத்திரை அட்டையை அவள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பை கனமே இல்லாமல் இருந்தது. பயம் மட்டும் குறையவில்லை.

மார்ச் 24

துப்பட்டாவைக் கண்ணில் கட்டிக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்தேன். தப்பித்த களைகளையும் குவியலில் கிடந்த வாடிய நாற்றுகளையும் தடவித் தடவிப் பார்த்தேன். தக்காளி இலையை நசுக்கினால் வாசனை வருகிறது, ஆனால் அதற்குள் பிடுங்கியிருப்பேன். முள்ளில்லாத கத்தரி இலைக்கும் களை இலைக்கும் ஒரு வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் மூச்சு முட்டியது. கட்டை அவிழ்த்து எறிந்தேன்.

பத்து நிமிடம். என்னால் அவிழ்க்க முடிந்தது.

உள்ளே போய் அவரிடம் சொல்லிவிட்டேன். பல்பு, வளையம், கண்ணாடியைத் துடைச்சுப் போடுங்க என்று நான் சொன்னது, எல்லாம். திட்டுவார், அடித்தால்கூடச் சரி என்று நின்றேன்.

"நானுந்தான் துடைச்சுப் போட்டேன்" என்றார்.

பிறகு, "கத்தரி எது வச்ச?"

"முள்ளில்லாதது."

"யாரக் கேட்டு?"

"கைல குத்துமேன்னு..."

"குத்தட்டுமே! முள் இருந்தாத்தான அது கத்தரின்னு எனக்குத் தெரியும்? வழவழன்னு ஒண்ண வச்சுட்டு, பிடுங்கிட்டேன்னு கத்தற." குரல் உடைந்தது. "எல்லாத்தையும் எனக்காக நீயே முடிவு பண்ணாத. அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு."

மார்ச் 27

ஆட்டோவில் நாற்றுக்கடைக்குப் போனோம். கடைக்கார அம்மாள் எங்கே அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அவளோ, "வாங்க, வாங்க! ஆறு மாசமா என் நாத்தெல்லாம் நிம்மதியா இருந்துச்சு" என்றாள். அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது.

ஒவ்வொரு நாற்றாக விரலால் அளந்தார். வேரைப் பிடித்துப் பார்த்தார், தண்டை வளைத்துப் பார்த்தார். என் பட்டியலில் பாதி போயிற்று. குத்துச்செடி பீன்ஸ் வேண்டாம், கொடிதான் வேண்டும் என்றார். "கொடின்னா கயிறு கட்டலாம். கயித்தப் பிடிச்சுக்கிட்டே போனா செடிகிட்டப் போயிடுவேன்." பீர்க்கு சரி. சின்னத் தக்காளியும் சரி என்றார். அந்த இரண்டில் மட்டும் எனக்குப் பாஸ் மார்க். முள் கத்தரி பன்னிரண்டு.

மிளகாயும் வேண்டுமென்றார். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

மார்ச் 31

பழைய ஒயர்களைச் செடிக்கு அடையாளமாகக் கட்டியிருக்கிறார். தக்காளிக்கு ஒரு முடிச்சு, மிளகாய்க்கு இரண்டு. நான் கயிறு இழுத்துக் கட்டினேன், "தளர்ந்து கிடக்கு" என்று அவிழ்க்கச் சொன்னார். மூன்று தடவை.

ஏப்ரல் 17

இன்று மறுபடி படுத்துவிட்டார். காரணம் ஒன்றுமில்லை. "எதுக்கு இதெல்லாம்" என்றார். பின்கதவைத் தொடவே இல்லை. நான் தண்ணீர் ஊற்றினேன்.

ஏப்ரல் 19

இன்றும்.

ஏப்ரல் 20

மருத்துவர் இப்படித்தான் ஏறி இறங்கும் என்கிறாள். அவளுக்கென்ன, சொல்லிவிடுவாள். வேலையில் ஒரு கட்டுத் தபாலை வேறு ஊர்ப் பெட்டியில் போட்டுவிட்டேன். மேலதிகாரி திட்டினார். கழிப்பறையில் போய் நின்றேன், குழாயைத் திறந்துவிட்டு.

மே 6

பீன்ஸ் கொடி தலைக்கு மேலே போய்விட்டது. கயிற்றைப் பிடித்தபடி போய் நுனியைத் தேடியவர், "எங்கடி இது, எட்டல?" என்றார். டி போட்டு எத்தனை நாளாயிற்று.

ஜூன் 11

கத்தரி. நான்கு காய். கையெல்லாம் கீறல். மருந்து போடப் போனபோது விரட்டினார். மகளுக்குப் போனில், "உங்கம்மா வச்ச வழவழக் கத்தரியா இருந்தா இந்நேரம் குருட்டுப் பூன விட்டத்துல பாஞ்ச கததான்" என்றார்.

சமைத்தேன். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 2

வேலை முடிந்து வந்தபோது நாற்றுக்கடைக்கார அம்மாளோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அடுத்த பருவத்துக்குப் பாகல் குட்டையா நெட்டையா என்று இருபது நிமிடம். காலணியைக் கழற்றினேன், முகம் கழுவினேன், தட்டெடுத்து வைத்தேன். இன்னும் முடியவில்லை.

"எதுன்னு முடிவாச்சு?" என்று கேட்டேன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "உனக்கென்ன தெரியும் அதப் பத்தி? சும்மா இரு" என்றார்.

சுருக்கென்று கோபம் வந்தது. காலையில் நாலரைக்கு எழுந்தவள் நான், சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது, இவருக்குப் பாகல் கேட்கிறது. கரண்டியை டொக்கென்று வைத்துவிட்டு எனக்கு மட்டும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். பாதி சாப்பாட்டில்தான் உறைத்தது. இவர் மேல் பயம் கலக்காத வெறும் கோபம் மட்டும் வந்து எத்தனை மாதமாயிற்று.