ஒருத்தனும் ஆடக் கூடாது

12.9.2025, வெள்ளி

ஏ ஷிஃப்ட் முடிந்து நாலரைக்கே ஒரகடம் ரூமுக்கு வந்துவிட்டேன். மெஸ் தட்டு, டம்ளர், கதவுத் தாழ்ப்பாள் – மூன்றின் சத்தத்தையும் போனில் பதிந்து லேப்டாப்பில் ஏற்றி, பாட்டாக ஓட, எது எத்தனையாவது எண்ணிக்கையில் திரும்ப வரணும் என்று கம்ப்யூட்டர் கோடு எழுதினேன். ஆறு வரிதான். நிறுத்தாவிட்டால் ஆயுசுக்கும் அடிக்கும்.

ரூம்மேட் அந்தோணிராஜ் காதைப் பொத்திக்கொண்டான். "ஏல தளவாய், பாத்திரம் கழுவுத சத்தத்துக்கு எதுக்குல கம்ப்யூட்டரு?"

ரசனை கெட்ட பயல்.

18.9.2025

ஃபாக்டரி ஆயுத பூஜைக்கு இந்த வருஷம் டிஜே கிடையாதாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் "நான் போடுதேன்" என்றேன். லைன் லீடர் பரசுராமன் அண்ணன் மேலும் கீழும் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் தர்றேன். ஒருத்தனாவது ஆடணும். இல்லாங்காட்டி உன்ன வச்சே ஒரு வருஷம் ஓட்டுவோம்."

ஓட்டுவார்கள். எனக்குத் தெரியும்.

23.9.2025

மெஷின் ஓடுகிற ஷாப்புக்குள் போன் கூடாது. மெஷின் சத்தமில்லாமல் ஃபாக்டரிப் பாட்டா? வேலை சிக்கினால் கயிற்றை இழுப்போமே, உடனே ஆளைக் கூப்பிட லைன் முழுக்க ஒரு ட்யூன் கேட்கும். அதைக் காதிலேயே பிடித்து வந்து, போன் கீபோர்டில் வாசித்துப் பதிந்து, கடைசி இரண்டு நிமிஷத்தில் சேர்த்தேன். அசல் தோற்றது.

28.9.2025

ஒருத்தரும் ஆடலைன்னா?

30.9.2025

நாளைக்கு லீவு, அதனால் இன்றே பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து லைனின் மெயின் ஸ்விட்சையும் அணைத்தாயிற்று. கேன்டீனில் எல்லாரும் பொரி தின்கிறார்கள். என் பாட்டை ஓட்டினேன். தட்டு, டம்ளர், தாழ்ப்பாள். ஒருத்தரும் அசையலை.

அப்புறம் அந்த ட்யூன். பரசுராமன் அண்ணன் பொரியைக் கீழே போட்டுவிட்டு லைனைப் பார்த்து ஓடினார். பின்னாலேயே மெயின்டனன்ஸ் ஆட்கள் நாலு பேர். அணைந்து கிடக்கிற மெஷின் முன்னால் நின்று முழித்தார்களாம். கேன்டீனே உருண்டு சிரித்தது. செத்தோம் என்று நிறுத்திவிட்டேன்.

அண்ணன் மூச்சு வாங்க வந்தார். "இன்னாத்துக்கு நிறுத்துன? போடுடா."

அடுத்த தடவை வேண்டுமென்றே ஓடிக் காட்டினார். அதற்கடுத்த தடவை மொத்தக் கூட்டமும் அவர் பின்னால் ஓடியது. ஓட்டமே ஆட்டமாகிவிட்டது. அரை மணி நேரம் விடவில்லை. எனக்கு அழுகையே வந்துட்டு.

7.10.2025

இன்று நிஜமாகவே ஒரு போல்ட் சிக்கியது. மீனம்மாள் அக்கா கயிற்றை இழுத்தார். ட்யூன் வந்ததுதான் தாமதம், லைனே கைதட்டி ஆடுது. போல்ட்டைப் பார்க்கத்தான் ஆளில்லை. நாலு நிமிஷம் நின்றுபோச்சு. அண்ணனை மேலே கூப்பிட்டு விசாரித்தார்கள்.

இறங்கி வந்தவர் நேராக என்னிடம் வந்தார். "நீதான கெடுத்த? நீயே வேற ட்யூன் போட்டுக் குடு. கேட்டா ஓடியாரணும். ஒருத்தன் ஆடக் கூடாது."

11.10.2025

மூன்றாவது ட்யூன். முதல் இரண்டும் தேறலை. முடிந்த மட்டும் மொக்கையாகப் போட்டிருக்கிறேன். "கேவலமா இருக்குல" என்றான் அந்தோணிராஜ். அவன் கால் மட்டும் கட்டிலில் தாளம் போடுது.

அழித்துவிட்டேன்.