மாலை போட்டவர் வாங்கிய மீன்

மாசி, வியாழக்கிழமை.

எங்கள் கட்சியில் இந்தத் தொகுதி சீட்டுக்கு இரண்டு பேர் மோதுகிறார்கள். ஒருவர் என் அக்காள் கணவர் சேகர் மாமா. மற்றவர் தனபால் அண்ணன். பூரணாங்குப்பத்தில் நான் கூடையில் மீன் கொண்டுபோய்க் கொடுக்கும் வீடுகளில் அவருடையதும் ஒன்று. இருவரும் மேடையில் பேசுவது ஒரே பக்தி, ஒரே ஆசாரம்.

காலையில் மாமா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"கார்த்திகையில மாலை போட்டுக்கினு தனபால் உங்கிட்ட மீன் வாங்குனானா இல்லியா?"

"வாங்குனாரு. ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்த அவுங்க அம்மாவுக்கு. அவரு தொடக்கூட இல்ல மாமா."

மதியம் வாட்ஸ்அப்பில் என் முகம் வந்துவிட்டது. "வாங்குனாரு" என்பதோடு வீடியோ முடிந்தது. மாமாவுக்குப் போன் செய்தேன்.

"நீ இன்னா பொய்யா சொன்ன? எலெக்சன்னா அப்டிதான்" என்றார்.

பொய் சொல்லவில்லைதான்.

சாயங்காலம் தனபால் அண்ணனின் அம்மா போனில் கூப்பிட்டார்கள். திட்டுவார்கள் என்று நினைத்தேன்.

"எனக்குத்தான் வாங்குனான்னு நீ சொல்லலியாடி?"

"சொன்னேம்மா. அத வெட்டிட்டாங்க."

"சரி, இனிமே எங்க வூட்டுக்கு மீன் வாணாம்" என்று வைத்துவிட்டார்கள்.

கட்சி குரூப்பில் இன்னும் கைதட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கும் அந்தத் தெரு வழியாகத்தான் கூடையோடு போக வேண்டும்.